பேசும் பக்கம், கேட்கும் பக்கம்

மயிலாத்தாள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று முதலமடையில் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாங்காய் பறிப்பு நடக்கும் நாட்களில் பறிக்கிறவர்களோடு பேசுவாள், எடை போடுகிறவனோடு பேசுவாள், லாரிக்காரனோடு பேசுவாள், அவர்கள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டால் கட்டியிருக்கும் மாட்டோடு பேசுவாள். "இவளைக் கட்டிக்கிட்டுப் போறவன் காது என்னத்துக்காகும்" என்று அவள் அம்மா ஜானகியம்மாளுக்கு நிஜமாகவே கவலை இருந்தது. கடைசியில் கட்டிக்கொண்டவன் கருப்புசாமி. லாரி ஓட்டுகிறவன். எஞ்சின் இரைச்சலில் ஊறிய காது என்பதால் சேதமில்லாமல் தப்பித்தது.

கல்யாணமான மறு வருஷம், எழுபத்தைந்தில், கருப்புசாமிக்குப் பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டும் வேலை அமைந்தது. குறுஞ்சோலை எஸ்டேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மண் வெடிக்கும் ஊரில் பிறந்தவளுக்கு அந்த மலை முதல் பார்வையிலேயே பிடிக்காமல் போயிற்று. துவைத்த துணி காயவில்லை. அடுப்பு புகைந்தது. லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில், விடிந்ததும் எல்லாரும் கொழுந்து கிள்ளப் போய்விடுவார்கள். பகல் முழுக்கப் பேச ஒரு ஆள் கிடையாது. "இந்த ஊட்டுச் செவுத்தோட பேசிப் பேசி எனக்குப் பைத்தியம் புடிச்சுருமுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஆறுதல் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள். உத்தமபாளையம் பக்கத்திலிருந்து எப்போதோ மலையேறிய குடும்பம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து வாசலில் உட்காருவாள். மயிலாத்தாள் பேச்சில் 'ங்க' ஒட்டாத வார்த்தையே இல்லாதது அவளுக்குப் பெரிய வேடிக்கை.

"ஏண்டி மயிலு, நாய வெரட்டுனாக்கூட 'போங்க'ன்னுதான் வெரட்டுவியா?"

"எங்கூருல நாய்க்கும் மரியாதை உண்டுங்க்கா."

சுருளியம்மாளின் கணவர் நல்லமுத்துதான் எஸ்டேட்டின் லைன்மேன். அந்த எஸ்டேட்டுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பவர் ஹவுஸ் இருந்தது. கீழே பள்ளத்தாக்கில், ஓடையை மறித்து ஓடவிட்ட ஒரு எஞ்சின். அங்கிருந்து கம்பிகள் மேலேறி ஃபேக்டரிக்கும் ஆபீசுக்கும் மேல் டிவிஷனுக்கும் போயின. மழைக்காலத்தில் அந்தக் கம்பிகள்மேல் மரம் விழுவதும், நல்லமுத்து கம்பத்தில் ஏறுவதும் அங்கே பல் துலக்குவதுபோல நடக்கிற காரியம். அவர் ஏறியிருக்கும் நேரத்தில் சுருளியம்மாள் எந்த மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாலும் ஒரு கண் கம்பி போகும் திசையில்தான் இருக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

எழுபத்தாறில் ஆபீஸ் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் துபாய்க்கு விசா கிடைத்துப் போய்விட்டார். போனவர் ஒரு வாரம் முன்னால்கூடச் சொல்லவில்லை. ஹெட் கிளார்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கருப்புசாமி தன் மனைவி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சொல்லி வைத்தான். இப்படித்தான் மயிலாத்தாள் அந்தச் சின்ன அறைக்குள் போய், மரப்பெட்டி போன்ற டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆவதும் ஆகாததும் ஹெட் கிளார்க்கின் வாயில் இருந்தது.

போர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் எந்தப் போனில் கைப்பிடியைச் சுற்றினாலும் இங்கே அந்தப் போனுக்கான சின்னத் தகடு 'டக்'கென்று விழும். அதற்கு ஷட்டர் என்று பெயர். ஆபரேட்டர் பிளக் வைத்த கயிறு ஒன்றை எடுத்து அந்தத் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, கயிற்றின் மறுமுனையை அவர்கள் துளையில் செருக வேண்டும். பேசி முடித்தவர்கள் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஷட்டர் விழும். கயிற்றைப் பிடுங்கிவிடலாம்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் கீழே ஒரு குட்டிக் கைப்பிடி இருந்தது. சாவி என்பார்கள், பூட்டு எதுவும் கிடையாது. அதை முன்னால் தள்ளினால் ஆபரேட்டர் பேசலாம்: உத்தரவு சொல்லலாம், ஆளைக் கூப்பிடலாம், அதட்டலாம். பின்னால் இழுத்தால் கேட்க மட்டும் முடியும். லைனில் இருப்பவர்கள் பேசுவது காதில் விழும், ஆபரேட்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர்களுக்கு ஒரு சத்தமும் போகாது. பேச்சு முடிந்ததா, லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்த பக்கம் அது.

முதலில் மயிலாத்தாளுக்கு அந்தப் பின்பக்கத்தைக் கண்டாலே ஆகாது. வாயைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. போகப்போக ருசி கண்டுவிட்டாள். பங்களாவில் சமையல்காரருக்கும் மேனேஜர் துரையின் மனைவிக்கும் நடக்கிற தகராறு, ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் டிஸ்பென்சரிக்குப் போன் போட்டுத் தன் வயிற்றைப் பற்றிச் சொல்லும் நீண்ட கதை, எல்லாம் அவளுக்குத்தான் முதலில். கேட்காமல் இருக்க அவள் என்ன சாமியாரா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டதில் ஒரு சொல்கூட லயத்துக்குப் போனதில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறவள், போர்டில் கேட்டதை மட்டும் பேசவில்லை. சுருளியம்மாள் எவ்வளவோ தூண்டிப் பார்த்தும் பலிக்கவில்லை.

அந்தப் போர்டில் அவள் செய்த காரியங்களிலேயே பெரியது நல்லமுத்துவை ஏற்றி இறக்குவது. அவர் கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கே போன் இருக்கிறதோ அங்கிருந்து கூப்பிடுவார். "தங்கச்சி, ஏறவா?" இவள் பவர் ஹவுசைக் கூப்பிட்டு, நான் சொல்லும்வரை லைன் போட வேண்டாம் என்பாள். பிறகு இவரிடம், "ஏறுங்கண்ணா" என்பாள். அவர் ஏறுவார். காகிதம், கையெழுத்து எதுவும் இல்லை. அவள் சொல்தான்.

பவர் ஹவுசில் இருந்தவர் சங்கையா. சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். எஞ்சின் இரைச்சலிலேயே காலம் தள்ளியதாலோ என்னவோ, பேச்சு என்பது வீண் செலவு என்று முடிவு கட்டியிருந்தார். உத்தரவைக் கேட்டதும் "சரி" என்றுகூடச் சொல்ல மாட்டார். போனை வைத்துவிட்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவார். இங்கே ஷட்டர் விழும். அதுதான் அவர் சம்மதம். துபாய்க்குப் போன ஆபரேட்டர் காலத்திலிருந்தே வழக்கம் அப்படி. மயிலாத்தாளும் அதையே பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் பேசி முடித்ததும் சுற்றுகிற சுற்றும் அதுவேதான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

எழுபத்தேழு ஆடியில் ஒரு காலை. முந்தின நாள் பிடித்த காற்று விடவில்லை. கொழுந்து முழுக்க ஃபேக்டரியில் வாடப் போட்டிருந்த நேரத்தில் கரண்டு போயிற்று. விசிறிகள் நின்றன. எக்ஸ்சேஞ்சில் பல்பு அணைந்தது. போர்டு மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. ஷட்டர்கள் மளமளவென்று விழுந்தன. எல்லாருக்கும் ஒரே கேள்வி, கரண்டு எப்போது வரும். மயிலாத்தாள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேல் டிவிஷன் பெரட்டுக் கொட்டகையிலிருந்து ஷட்டர் விழுந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. நல்லமுத்துதான் பேசினார்.

"தங்கச்சி, கோளாறு அம்புட்டுருச்சு. இங்கிட்டு சில்வர் ஓக் கொப்பு ஒண்ணு ஒடிஞ்சு கம்பி மேல கெடக்கு. ஏறவா?"

"இருங்கண்ணா. சங்கையாண்ணன்கிட்டச் சொல்லிப்போட்டுச் சொல்றனுங்க."

பவர் ஹவுஸ் கயிற்றில் அப்போது டீ மேக்கர் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டாரா என்று பார்க்கச் சாவியைப் பின்னால் இழுத்தாள். டீ மேக்கர் கெஞ்சிக்கொண்டிருந்தார். கொழுந்து கருத்துவிட்டால் துரை தன் தோலை உரித்துவிடுவார், ஏற்கெனவே இந்த மாதம் ஒரு முறை உரித்தாயிற்று, ஒரு தடவை சுவிட்சைப் போட்டுத்தான் பார்க்கக் கூடாதா என்று ஒரே புலம்பல். மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் கேட்டாள். கடைசியில் சங்கையாவின் குரல், "பாக்கேன்" என்றது. டீ மேக்கர் போனை வைத்தார்.

அவள் உடனே வாய்க்குழல் பக்கம் குனிந்து, "சங்கையாண்ணா, நல்லமுத்தண்ணன் மேல் டிவிஷன்ல ஏறப் போறாருங்க, நாஞ் சொல்ற வரைக்கும் லைன் போட வேண்டாமுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். பவர் ஹவுஸ் ஷட்டர் 'டக்'கென்று விழுந்தது. சங்கையா சம்மதம் சொல்லிவிட்டார். அடுத்த கயிற்றின் சாவியை முன்னால் தள்ளி, "ஏறுங்கண்ணா" என்றாள். அவர் போனை வைத்துவிட்டுப் போனார்.

பவர் ஹவுஸ் கயிற்றைப் பிடுங்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். அதன் சாவி பின்னால் இருந்தது. சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்திலேயே நின்றிருந்தது. அவள் சொன்னது இந்த அறையைத் தாண்டவே இல்லை. விழுந்த ஷட்டர், டீ மேக்கரோடு பேசி முடித்ததற்குச் சுற்றியது. அப்படியானால் அந்த "பாக்கேன்" என்பது சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறேன் என்பது.

பவர் ஹவுசுக்கு மணியடித்தாள். எடுக்கவில்லை. சங்கையா எஞ்சின் பக்கம் போயிருப்பார், அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தால் பயனில்லை என்று தோன்றியது. பெரட்டுக் கொட்டகைக்கு அடித்தாள். கொட்டகையை ஒட்டித்தான் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை. அதன் ஆயா நாச்சம்மாள் எடுத்தாள்.

"நாச்சக்கா, நல்லமுத்தண்ணனை எறங்கச் சொல்லுங்க. கம்பியத் தொட வேண்டாமுன்னு சொல்லுங்க. ஓடுங்கக்கா, அப்பறம் கேளுங்க."

நாச்சம்மாள் சாதாரணமாக ஒரு காலை எடுத்து வைத்து, அடுத்ததைப் பற்றி யோசிக்கிற பெண். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தையோடு மழையில் ஓடினாள். நல்லமுத்து பாதிக் கம்பத்தில் இருந்தார். என்ன எழவு என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். தரையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே கொப்பு கிடந்த இடத்தில் கம்பி நீலமாகச் சீறி, பொறி கொட்டி, அடங்கியது. சங்கையா போட்டுப் பார்த்திருந்தார்.

கொஞ்சம் பொறுத்துப் பெரட்டு ஷட்டர் விழுந்தது.

"என்ன நடந்துச்சு?" நல்லமுத்துவின் குரல் தாழ்ந்திருந்தது.

"நாஞ் சொன்னது அவருக்குப் போகலீங்கண்ணா. சாவி பின்னால இருந்துச்சு, பாக்காமப் பேசிப்போட்டேன். தப்பு எம் மேலதானுங்க."

லைனில் காற்று இரைந்தது.

"இனிமே ஒஞ் சொல்லுக்கு நான் ஏற மாட்டேன் தாயி" என்று சொல்லிப் போனை வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தங்கச்சி என்று கூப்பிடாமல் விட்டது நெஞ்சில் இறங்கியது. கயிறுகளைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

செய்தி ஹெட் கிளார்க்குக்கு எட்ட நேரமாகவில்லை. கெட்ட மனிதர் இல்லை, சத்தம் போடவும் இல்லை. "நாளைக்கு முதல் நீ ஃபேக்டரியில தேயில சலிக்கிற ஜோலிக்குப் போ. இன்னைக்கு வேற ஆளில்ல, அதனால இரு" என்றார். பிறகு அவரே போனை வாங்கி, மறுபடி ஏறச் சொல்லி நல்லமுத்துவிடம் பேசினார். பவர் ஹவுசுக்கு ஆளனுப்பிச் சுவிட்சுக்குக் காவல் வைக்கலாம் என்றால் ஓடை பெருகி வழியை மூடியிருந்தது. இருப்பது போன் மட்டும்தான். கொழுந்து கருத்துக்கொண்டிருக்கிறது, எஸ்டேட் முழுக்கக் கிள்ளிய கொழுந்து, கொஞ்சம் யோசித்துப் பார் என்றார்.

"கொழுந்து கருகுனா அடுத்த வாரம் வேற கொழுந்து வரும்யா" என்றார் நல்லமுத்து. "நான் கருகுனா?"

ஹெட் கிளார்க் போனை மயிலாத்தாளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அப்போதுதான் சுருளியம்மாள் வந்தாள். முதுகில் கூடை, தலையில் சாக்கு, முழங்கால்வரை சேறு. நீலப் பொறி கொட்டியதை மலைச்சரிவிலிருந்து பார்த்துவிட்டு, அங்கே ஓடி, புருஷன் முழுசாக நிற்பதைக் கண்டு, அவர் வாயால் விஷயத்தையும் கேட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். வாசலில் நின்று மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாள் எழுந்து நின்றாள்.

"உக்காரு. ஒன்னைய அறையணும்னுதான் வந்தேன்" என்றாள் சுருளியம்மாள். "வர்ற வழியில மழையில கை மரத்துப்போச்சு. சொல்லு, எதுக்கு அவரை ஏறச் சொன்ன?"

மயிலாத்தாள் சாவியைக் காட்டினாள். முன்பக்கம், பின்பக்கம், ஷட்டர், எல்லாம் சொன்னாள். சுருளியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப சங்கையா ஒனக்குப் பதில் சொல்லவே இல்லையா?"

"மணி சுத்தினாருங்க்கா. எப்பவும் அதானுங்க பதிலு."

"மணி சுத்துனா பதிலா? எங்க வீட்டாளும் சோறு வேணுமான்னு கேட்டா ஒரு செருமு செருமுவாரு. வேணும்கிற செருமலா, சளிச் செருமலான்னு யாருக்குத் தெரியும்? வாயத் தொறந்து சொன்னாத்தான் நான் தட்டு வைப்பேன். சோத்துக்கே அப்பிடின்னா, உசுருக்கு ஒரு மணிதானா?"

மயிலாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைப் பார்க்காமல் பேசியது தன் தப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் சங்கையா வாய் திறந்து பதில் சொல்லும் வழக்கம் இருந்திருந்தால், அந்தத் தப்பு அந்த நிமிஷமே தெரிந்துபோயிருக்கும். நாளைக்கு இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஒரு நாள் சாவி பின்னால் நிற்கத்தான் போகிறது. மனுஷக் கை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பவர் ஹவுசுக்கு அடித்தாள். சங்கையா எடுத்தார். நடந்ததைச் சொன்னாள். மனிதர் உள்ளுக்குள் ஆடிப்போயிருப்பார்.

"அண்ணா, இனி மணி வேண்டாமுங்க. நீங்க வாயில சொல்லோணும். யாரு ஏறுறாங்க, எது வரைக்கும் லைன் போட மாட்டீங்கன்னு."

"எத்தன வருசமா மணிதான சுத்துதேன்" என்றார் சங்கையா.

"அந்த மணி எனக்குத்தானுங்க கேக்கும். ஏறுறவருக்குக் கேக்காது. ரெண்டு பேரையும் நேரா சேத்து வுடறேன். நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க. நான் நடுவுல பேசலீங்க."

பெரட்டுக்கு அடித்து நல்லமுத்துவைக் கூப்பிட்டாள். கயிற்றின் ஒரு முனை பவர் ஹவுசில், மறுமுனை பெரட்டில். இத்தனை காலமும் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆபரேட்டர் வாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் குரலை ஒருவர் லைனில் கேட்டதே கிடையாது. சாவியைப் பின்னால் இழுத்தாள். இந்த முறை தெரிந்து இழுத்தாள். விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள். சுருளியம்மாள் கூடையை இறக்கிவிட்டு அவள் தலையோடு தலை ஒட்டி, காதுக்குழலில் தன் காதையும் வைத்தாள்.

"யாரு" என்றார் நல்லமுத்து.

"சங்கையா."

இரண்டு பேருமே மற்றவர் ஆரம்பிக்கட்டும் என்று நின்றார்கள். மயிலாத்தாளுக்கு நாக்கு அரித்தது. ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும். சாவியைத் தள்ள ஒரு விரல் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தான் பேசினால் நல்லமுத்து மறுபடி அவள் சொல்லில்தான் ஏற வேண்டும், அவர் அதற்கு வர மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"காலைல நான் போட்டதுதான்" என்றார் சங்கையா, எஞ்சினுக்கு மேல் குரலை உயர்த்தி. "எனக்குத் தெரியாது நல்லமுத்து. சத்தியமாத் தெரியாது."

"தெரியும்யா. நீ என்ன செய்வ."

"இப்பச் சொல்லுதேன், கேட்டுக்க. நல்லமுத்து மேல் டிவிஷன் கம்பத்துல ஏறுதான். அவன் எறங்கி, அவன் வாயால எங்கிட்ட சொல்லுத வரைக்கும் நான் சுவிட்சத் தொட மாட்டேன். தொரையே வந்து சொன்னாலும் தொட மாட்டேன்."

சங்கையா அந்த எஸ்டேட்டில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சுருளியம்மாள் மூச்சை விட்டாள். அது மயிலாத்தாளின் கன்னத்தில் சூடாகப் பட்டது.

"மயிலாத்தா, கேட்டுக்கிட்டு இருக்கியா?" என்றார் நல்லமுத்து.

சாவியை முன்னால் தள்ளினாள். தள்ளியதைக் கண்ணால் பார்த்தாள். "கேட்டனுங்கண்ணா."

"இப்ப சாவி எங்கிட்டு?"

"முன்னாலீங்க. அதனாலதான் உங்களுக்குக் கேக்குது."

"சரி. பின்னால இழுத்துக்க. நாச்சக்கா கையில போனக் குடுத்துட்டுப் போறேன். என்ன சத்தம் வந்தாலும் கேட்டுக்கிட்டே இரு. வேற யாரையும் இந்த லைன்ல விட்றாத."

"நான் வுட மாட்டனுங்கண்ணா."

பிறகு நடந்ததெல்லாம் காதில் நடந்ததுதான். காற்று. ஒரு குழந்தையின் அழுகை. நாச்சம்மாள், "ஏறுறாரு... கொப்பப் புடிச்சிட்டாரு... அருவா எடுக்கிறாரு" என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சங்கையா போனை வைக்காமல் பிடித்திருந்தார், எஞ்சின் இரைச்சல் விடாமல் வந்தது. அவர் சுவிட்ச் பக்கம் போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. மற்ற ஷட்டர்கள் விழுந்தன. டீ மேக்கர் விழுந்தார், பங்களா விழுந்தது, மறுபடி டீ மேக்கர் விழுந்தார். மயிலாத்தாள் எதையும் தொடவில்லை. ஹெட் கிளார்க் ஜன்னலை விட்டு வந்து அவள் பின்னால் நின்றார். எஸ்டேட் முழுக்க அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் ஒரே ஒரு லைனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் இருந்த பயம் இல்லை. இது கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய பயம்.

ஏதோ முறிந்து விழும் சத்தம் கேட்டது. சுருளியம்மாள் மயிலாத்தாளின் தோளை இறுகப் பிடித்தாள்.

"கொப்புதான்" என்றாள் நாச்சம்மாள். "கொப்புதான் விழுந்துச்சு. அவரு நிக்கிறாரு."

அந்தப் பிடி தளரவே இல்லை, நல்லமுத்துவின் குரல் வரும்வரை.

"சங்கையா, நான் நல்லமுத்து. எறங்கிட்டேன். கம்பி சுத்தமாருக்கு. போடு."

"நல்லமுத்து எறங்கிட்டான். கம்பி சுத்தம். போடுதேன்" என்றார் சங்கையா, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. கீழே ஃபேக்டரியில் விசிறிகள் முனகி எழுந்தன. சுருளியம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாக்கைத் தலையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, மழைத்தண்ணியா என்று யாரும் பார்க்கவில்லை.

பெரட்டு லைனில் நல்லமுத்து இன்னும் இருந்தார். மயிலாத்தாள் கயிற்றைப் பிடுங்காமல் காத்திருந்தாள்.

"தங்கச்சி" என்றார் அவர். "நாளைக்கு ஓடைக்கு அங்கிட்டு இன்னும் ரெண்டு கம்பம் இருக்கு. காத்துல சாஞ்சு நிக்குது. காலையில நீதான இருப்ப? நீ இருந்தாத்தான் ஏறுவேன்."

சாவி பின்னால் இருந்தது. அதை முன்னால் தள்ளிவிட்டால் என்ன சொல்வது? நாளைக்கு இந்த நாற்காலி அவளுடையது இல்லை. திரும்பி ஹெட் கிளார்க்கைப் பார்த்தாள். காதுக்குழலுக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றவருக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. அவர் பல்பைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த சுருளியம்மாளைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அந்தாளு லைன்ல காத்திருக்கான்" என்றார். "பதில் சொல்லு."

மயிலாத்தாள் சாவியை முன்னால் தள்ளினாள்.

"இருப்பனுங்கண்ணா."